அந்தமான் செக்கு: நிறுத்த வழியின்றி நிறுவப்பட்ட ஓர் இயந்திரம்

ஓர் அரவை இயந்திரத்தை நிறுவுகிறவர் அதைத் தரையில் பொருத்தும்போதே வேறு பல முடிவுகளையும் எடுத்துவிடுகிறார். கைப்பிடி எந்த உயரத்தில் அமைய வேண்டும், ஒரு முறைக்கு எவ்வளவு பொருளை இடலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலையை எதிர்பார்க்கலாம், இயக்குபவர் களைத்தாலோ கை சிக்கினாலோ சுழற்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பவை யாவும் அப்பொழுதே தீர்மானமாகிவிடுகின்றன. மண்ணையும் தானியத்தையும் உலர்ந்த இலையையும் பொடியாக்கும் இன்றைய ஆய்வகச் சிற்றியந்திரத்துக்கும் இது பொருந்தும். நூறாண்டுகளுக்கு முன் கொப்பரையை நசுக்கிய பெருஞ்செக்குக்கும் இது பொருந்தும். அந்தமான் தீவுகளில் அரவை இயந்திரங்களின் வரலாற்றைத் தேடுவோர் தவிர்க்க முடியாமல் வந்தடையும் இடம் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை. அங்கே மனிதர்கள் சுற்றிய எண்ணெய்ச் செக்கு விடுதலைப் போராட்டத்தின் சின்னமாக நினைவுகூரப்படுவது முறையே எனினும், அது எவ்வாறு நிறுவப்பட்டிருந்தது, அதன் அமைப்பே எப்படித் தண்டனையாக மாறியது என்ற கேள்வி போதிய அளவு ஆராயப்படவில்லை.

செக்கு தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. கருங்கல்லிலோ உறுதியான மரத்திலோ குடைந்த உரல், அதனுள் சாய்ந்து நின்று சுழலும் உலக்கை, உலக்கையின் தலையோடு பிணைத்த நீண்ட தடி, அத்தடியின் மேல் ஏற்றிய பாரக்கல், தடியை இழுத்துச் சுற்றும் மாடு ஆகியவை சேர்ந்ததே செக்கு. சங்கரப்பாடியார் என்று சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடும் எண்ணெய் வணிகரும், பிற்காலத்து வாணியரும் இத்தொழிலைப் பல தலைமுறைகளாக நடத்தி வந்தனர். செய்வித்தவரின் பெயரைப் பொறித்த கல்செக்குகள் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இன்றும் கிடைக்கின்றன. வடநாட்டுச் செக்குகளைவிடத் தென்னாட்டுக் கல்செக்குகள் உருவில் பெரியவை. இரண்டு மாடுகள் பூட்டி ஓட்டப்பட்டவையும் உண்டு.

இவ்வியந்திரத்தின் இயல்பு ஒன்றை இங்கே விளக்கியாக வேண்டும். உலக்கை சுழலும்போது உரலின் சுவருக்கும் அதற்கும் இடையே சிக்கும் வித்து நசுங்கி எண்ணெயை விடுகிறது. எண்ணெய் பிரியப் பிரிய எஞ்சும் புண்ணாக்கு இறுகுவதால், சுழற்சிக்கு எதிரான தடையும் ஏறிக்கொண்டே போகிறது. மாறாக, சுற்றுபவரின் வலிமையோ நேரம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வருகிறது. வலிமை குன்றும் வேளையும் தடை மிகும் வேளையும் ஒன்றாக வந்து சேர்வது செக்கின் அமைப்பிலேயே அடங்கியுள்ள குணம். ஊர்ச் செக்கை நடத்துபவர் இதை அறிந்தே மாட்டை மாற்றிக் கட்டினார், பாரத்தைக் கூட்டிக் குறைத்தார், ஓர் ஆட்டம் முடிந்ததும் மாட்டுக்கு ஓய்வு கொடுத்தார். மாடு அவருடைய முதல். அது நொடித்துவிட்டால் தொழிலும் நொடித்துவிடும் என்ற கணக்கு அதற்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது.

சுழலும் இயந்திரத்தைத் தண்டனைக் கருவியாக்கும் பழக்கம் அந்தமானுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் 1818இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரச் சிறையில் அமைத்த மிதிசக்கரத்தில், கைதிகள் வரிசையாக நின்று, முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவதைப்போல அதன் படிகளை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றினர். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, வேறு சிலவற்றில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றது. கைப்பிடிச் சக்கரம் என்ற மற்றொரு கருவி தனியறையிலேயே வைக்கப்பட்டது. அதன் தடையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது, அத்திருகு காவலர் கையில் இருந்தது. 1865ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சிறைச் சட்டம் இவ்விரண்டையும் கடின உழைப்பின் முதல் வகையில் சேர்த்தது. 1898ஆம் ஆண்டின் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. அந்த 1898இல் அந்தமானின் செல்லுலார் சிறை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆண்ட நாட்டில் மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது என்று கைவிடப்பட்ட முறை, ஆளப்பட்ட நாட்டில் அதற்குப் பின்னரே முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது என்பதை இக்காலப் பொருத்தம் காட்டுகிறது.

1858 மார்ச் மாதத்தில் டாக்டர் ஜே. பி. வாக்கர் ஏறத்தாழ 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கியதிலிருந்து தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில், தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை, பெற்றவர்கள் காடு வெட்டினர், சாலை அமைத்தனர், தென்னந்தோப்புகளை உருவாக்கினர். 1890இல் இக்குடியிருப்பை ஆராய்ந்த சார்லஸ் லயால், மருத்துவரான ஏ. எஸ். லெத்பிரிட்ஜ் ஆகிய இருவரும், தீவாந்தரம் என்பது அச்சமூட்டும் தண்டனையாக இல்லாமல் போய்விட்டது என்று கருதி, வந்திறங்கும் ஒவ்வொரு கைதியும் முதலில் கடுமையான தனிச்சிறைக் கட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தனர். அதன் விளைவாக 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது செல்லுலார் சிறை. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு திசைகளில் பிரிந்த மூன்று மாடிக் கட்டடங்கள், ஏறத்தாழ 700 தனியறைகள், ஒவ்வோர் அறையும் பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி, ஓர் அறையின் முகப்பு எதிர்க்கட்டடத்தின் முதுகையே பார்க்கும்படியான அமைப்பு: இவை பலரும் அறிந்தவை. கட்டடங்களுக்கு இடைப்பட்ட முற்றங்களில் தொழிற்கூடங்கள் இருந்தன. தீவில் விளைந்த தேங்காயின் மட்டை கயிறாகவும் பருப்பு எண்ணெயாகவும் அங்கே மாற்றப்பட்டன. ஆக, செக்கு வெறும் வதைக் கருவியாக மட்டும் அங்கு நிற்கவில்லை. குடியிருப்பின் வருவாய்க்கும் அது உழைத்தது. இரண்டு நோக்கங்களும் ஒரே இயந்திரத்தில் சேர்ந்ததே அதன் கொடுமையைப் பெருக்கியது.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற வங்காளிகள் 1909இன் இறுதியில் அங்கு கொண்டுவரப்பட்டனர். விநாயக் தாமோதர் சாவர்க்கர் 1911 ஜூலையில் வந்து சேர்ந்தார். பரீந்திர குமார் கோஷ், உபேந்திரநாத் பந்தோபாத்யாய, சாவர்க்கர் ஆகிய மூவரும் பிற்காலத்தில் தத்தம் சிறை வாழ்வைத் தனித்தனி நூல்களாக எழுதினர். விடுதலைக்குப் பின் வேறு வேறு பாதைகளில் சென்ற இம்மூவரும் செக்கைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுவது அவர்களுடைய சாட்சியத்தின் வலிமையை உணர்த்துகிறது. வட இந்தியக் கைதிகள் கோலு என்று அழைத்த அச்செக்கு அங்கு இரு வகையாக இருந்தது. ஒன்று நின்ற இடத்திலிருந்தே கையால் சக்கரத்தைச் சுழற்றும் வகை. மற்றொன்று தடியைத் தள்ளியபடி உரலைச் சுற்றிச் சுற்றி நடக்கும் வகை. எந்த வகையாயினும் ஒரு நாள் அளவு தேங்காய் எண்ணெய் என்றால் 30 பவுண்டு, கடுகெண்ணெய் என்றால் 10 பவுண்டு. மாலையில் எண்ணெய் நிறுக்கப்பட்டது. குறைந்தால் திட்டும் அடியும், அதற்கு மேல் கைவிலங்கிட்டுச் சுவரோடு நிறுத்துதலும், காற்சட்ட விலங்கும், தண்டனைக் கஞ்சியும் வரிசையாகக் காத்திருந்தன.

இந்த 30 பவுண்டு என்ற அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. அது இன்றைய அளவில் ஏறத்தாழ 13.6 கிலோகிராம். நன்கு உலர்ந்த கொப்பரையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் உண்டு; ஒரு துளியும் புண்ணாக்கில் தங்காமல் பிரித்தெடுத்தாலும் 20 கிலோவுக்கு மேற்பட்ட கொப்பரையை அரைத்தாக வேண்டும். கையால் இயங்கும் செக்கு அவ்வளவு முழுமையாகப் பிரிப்பதில்லை என்பதால் உண்மையில் அரைக்க வேண்டிய அளவு இதைவிடவும் கூடுதல். கடுகில் எண்ணெயின் பங்கு ஐந்தில் இரண்டுக்கும் குறைவு என்பதால்தான் அதற்கான அளவு 10 பவுண்டாக வைக்கப்பட்டது போலும். ஆனால் சிறிய, கெட்டியான அவ்வித்து நசுங்குவதற்கு எடுக்கும் உழைப்பு மிகுதி. மழையும் ஈரக்காற்றும் ஆண்டின் பெரும்பகுதியை ஆளும் போர்ட் பிளேரில் கொப்பரை எளிதில் ஈரம் ஏற்கும். ஈரமான கொப்பரை அரைபடாமல் மசிந்து எண்ணெயை விட மறுக்கும். பல மணி நேரம் தொடர்ந்து உழைக்கும் மனிதன் தரக்கூடிய ஆற்றல் ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்களவே என்பது பொறியியலார் பொதுவாக ஏற்கும் மதிப்பு. காளை அதைப்போல் பல மடங்கு தரும். காளைக்கென வகுத்த இயந்திரத்தை மனிதனுக்குக் கொடுத்தபோது தடியின் நீளத்தையோ பாரத்தையோ நாள் அளவையோ அதற்கேற்பத் திருத்தியமைத்திருந்தால் அது கடினமான தொழிலாக மட்டும் இருந்திருக்கும். அத்திருத்தம் வேண்டுமென்றே செய்யப்படவில்லை.

அங்கிருந்த மேற்பார்வை முறையையும் இயந்திரத்தின் பகுதியாகவே கருத வேண்டும். ஜெயிலர் டேவிட் பாரியின் கீழ், கைதிகளிலிருந்தே பதவி உயர்த்தப்பட்ட ஜமாதார்களும் டிண்டால்களும் செக்குக்கூடத்தைக் காவல் காத்தனர். நாள் அளவு குறைந்தால் அவர்களுடைய பதவிக்கும் ஆபத்து என்பதால், சுற்றுபவன் நின்றால் அவனை அடித்து நகர்த்துவது அவர்களுடைய தன்னலமாகவும் ஆயிற்று. ஆங்கிலேயச் சிறையில் காவலர் கையிலிருந்த திருகின் இடத்தை இங்கே இம்மனிதர்கள் பிடித்துக்கொண்டனர். தண்ணீர் குடிக்கவோ மலசலம் கழிக்கவோ வேலையை விட்டு நகர்வதற்குக்கூட அவர்களுடைய இசைவு தேவைப்பட்டது. இயக்குபவர் தாமே நிறுத்தக்கூடிய வழி ஒன்றுகூட இல்லாத இயந்திரமாக அச்செக்கு நிறுவப்பட்டிருந்தது என்று சொல்வது மிகையன்று.

ஆகவே அதை நிறுத்துவதற்கு மறுப்பு என்ற ஒரே வழிதான் எஞ்சியது. அலகாபாத்தில் வெளிவந்த சுவராஜ்யா இதழின் ஆசிரியர்களில் ஒருவரான நந்த கோபால் செக்கில் விடப்பட்டபோது, தம் உடல் தாங்கும் வேகத்தில் மட்டும் நிதானமாகச் சுற்றினார்; உணவு வேளையில் அவசரமின்றி உண்டார்; மிரட்டலுக்குப் பதில் அமைதியாகவே மறுத்தார். தொழில் வரலாற்றில் இச்செயலுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. மனித உடலுக்குப் பொருந்தும் வேகம் எது என்பதை அந்த உடலுக்குரியவரே அறிவித்த நிகழ்வாக அதைக் கருதலாம். அதைத் தொடர்ந்து வேலை மறுப்புகள் பரவின. அதற்கு அரசு விதித்த விலை கொடியது. 1912 ஏப்ரலில் அரசியல் கைதியான இந்து பூஷண் ராய் தம் அறையில் தூக்கிட்டு உயிர் துறந்தார். அவ்வாண்டு ஜூனில், வேலை செய்ய மறுத்ததற்காகக் கைவிலங்கோடு நிறுத்தப்பட்டிருந்த உல்லாஸ்கர் தத்தர் கடுங்காய்ச்சலுற்று மனநிலை பிறழ்ந்தார். பின்னர் அவர் சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கைதி ஹோத்திலால் வர்மா சிறையிலிருந்து இரகசியமாக வெளியே அனுப்பிய கடிதம் சுரேந்திரநாத் பானர்ஜியின் பெங்காலி நாளிதழில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. 1913இன் பிற்பகுதியில் இந்திய அரசின் உள்துறை உறுப்பினர் ரெஜினால்டு க்ராடக் நேரில் வந்து பார்த்தார். அடுத்த ஆண்டில், குறிப்பிட்ட காலத் தண்டனை பெற்றிருந்த அரசியல் கைதிகள் பலர் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

தமிழ் வாசகருக்கு இவ்வரலாறு வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரால் ஏற்கெனவே அணுக்கமானது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது தீவாந்தர தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, அவர் அந்தமான் செல்லாமல் கோயம்புத்தூரிலும் பின்னர் கண்ணூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் அவருக்குத் தரப்பட்டது சணல் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. அதன் கைப்பிடி அவருடைய உள்ளங்கைத் தோலை உரித்துக் குருதி கசியச் செய்த பின்னரே அவர் செக்குக்கு மாற்றப்பட்டார் என்பதை அவருடைய சுயசரிதை பதிவு செய்கிறது. கை புண்ணானதால் கையால் சுற்றும் இயந்திரத்திலிருந்து உடலால் தள்ளும் இயந்திரத்துக்கு மாற்றம்: சிறை நிர்வாகம் அறிந்திருந்த பாதுகாப்பு இந்த அளவில் நின்றுவிட்டது. பிற்காலத்தில் அச்செக்கு கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டது.

அக்காலத்தில் சட்டமே இல்லாமலிருந்தது என்று எண்ணிவிடலாகாது. 1894ஆம் ஆண்டின் இந்தியச் சிறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நெருக்கடி நேரத்தில் எழுத்துமூல அனுமதி இருந்தாலன்றி எந்தக் கைதியையும் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. உழைக்கும் கைதிகளை மருத்துவ அலுவலர் அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் ஒவ்வொருவரின் எடையையும் அவருடைய வரலாற்றுச் சீட்டில், அதாவது கைதியின் நடத்தையும் வேலையும் தண்டனையும் குறிக்கப்படும் அட்டையில், பதிய வேண்டும் என்றது. ஒரு வேலை உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர் கருதினால் அவ்வேலையிலிருந்து கைதியை விலக்க வேண்டும் என்றும் விதித்தது. காகிதத்தில் இது செம்மையான ஏற்பாடு. எனினும் முடிவெடுக்கும் உரிமை முழுவதும் மருத்துவரிடமே இருந்தது. உழைப்பவருக்கு முறையிடும் உரிமைகூட அப்பிரிவில் இல்லை. எடை குறைவதற்குள் ஒரு மனிதன் என்னவெல்லாம் இழந்துவிட முடியும் என்பதைத் தராசு காட்டாது. மறுபுறம், 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரங்களைச் சுற்றித் தடுப்பு வேலி வேண்டும் என்று விதித்திருந்தாலும், விசைப்பொறியால் இயங்கி 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த கூடங்களையே தொழிற்சாலை என்று அது கருதியது. நீராவிக்குப் பதிலாக மனிதத் தசை இயக்கிய செக்குக்கூடம், இயந்திரம் நிறைந்திருந்தும், அச்சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையே ஆகவில்லை.

சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919-20இல் செயல்பட்ட இந்தியச் சிறைக் குழு அந்தமானுக்கும் சென்று பார்த்து, அங்கு கைதிகளை அனுப்பும் வழக்கத்தைப் பொதுவாகக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1921இல் அரசு அதை ஏற்றது. ஆயினும் 1932இல் அரசியல் கைதிகள் மீண்டும் அங்கு அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு மே மாதத்தில் நடந்த உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். 1937இன் பெரும் உண்ணாநோன்புக்குப் பின்னரே, 1938 தொடக்கத்துக்குள், அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதே காலத்தில் செக்கு வேறோர் இடத்தில் வேறு விதமாகச் சிந்திக்கப்பட்டது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவைச் செயலாளராகக் கொண்டு வார்தாவின் மகன்வாடியில் செயல்பட்டது. அங்கே நடந்த ஆய்வுகளில் உரலின் வடிவம், உலக்கையின் சாய்வு, பாரத்தின் நிலை ஆகியவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, எண்ணெய் கூடுதலாகவும் மாட்டின் சுமை குறைவாகவும் அமையும் செக்கு உருவாக்கப்பட்டது. அந்தமானில் முப்பதாண்டுக் காலம் ஒரு மனிதனுக்காகக்கூடச் செய்யப்படாத அளவீடும் திருத்தமும் வார்தாவில் ஒரு காளைக்காகச் செய்யப்பட்டன. இயந்திரத்தின் அளவுகள் இயற்கையால் விதிக்கப்பட்டவையல்ல, நிறுவுகிறவர் விரும்பினால் மாற்றக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பழைய இடைவெளிகளில் முக்கியமான சிலவற்றை அடைத்தது. விசையால் இயங்கும் கூடத்தில் 10 பேர் இருந்தாலும், விசையில்லாத கூடத்தில் 20 பேர் இருந்தாலும் அது தொழிற்சாலையே என்று அச்சட்டம் வரையறுத்ததால், கையால் சுற்றும் இயந்திரமும் கணக்கில் வந்தது. அதன் 21ஆம் பிரிவு சுழலும் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றது; 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே சோதனையோ எண்ணெயிடுதலோ செய்பவர் பயிற்சி பெற்றவராகவும், உடலோடு ஒட்டிய ஆடை அணிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. 24ஆம் பிரிவு, ஆபத்து நேரத்தில் ஓடும் இயந்திரத்துக்குச் செல்லும் விசையைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. நந்த கோபால் தம் உடலை வருத்தி நிலைநாட்ட முயன்ற உரிமை, ஒரு பொத்தானின் வடிவில் சட்டத்துக்குள் வந்தது.

செல்லுலார் சிறை 1979 பிப்ரவரி 11 அன்று தேசிய நினைவகமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், 1978இல், அதே போர்ட் பிளேரில் தீவுகளின் வேளாண்மையை ஆராயும் மத்திய நிலையம் நிறுவப்பட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரில் அது இன்றும் இயங்குகிறது. மண்ணையும் பயிரையும் ஆராயும் எந்த ஆய்வகத்திலும் முதல் வேலை மாதிரியை அரைத்துச் சலிப்பதுதான். மண்ணை நிழலில் உலர்த்தி, இரும்பின் கலப்பு நேராதிருக்க மரக்கட்டையால் மெல்ல நொறுக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். இலையையும் தண்டையும் ஏறத்தாழ 65 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் சுழலும் அரவை இயந்திரத்தில் இடுவார்கள். ஈரக்காற்றை விரைவில் உறிஞ்சும் மாதிரி கத்திகளில் ஒட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், கடலோர ஈரம் மிக்க தீவில் உலர்த்திய உடனேயே அரைத்துவிடுவது அறிவுடைமை. அடைத்துக்கொண்ட இயந்திரத்தைத் திறந்து விரலால் நோண்டும்போது காயங்கள் நேரக்கூடும். ஆதலால் மேசை ஆடாதபடி சமன் செய்வது, மின்னிணைப்புக்கு நிலத்தொடர்பு கொடுப்பது, மாதிரியைத் தள்ளுவதற்குக் கட்டை வைத்திருப்பது, தூசியை உறிஞ்சும் ஏற்பாட்டைச் செய்வது ஆகியவற்றோடு, மூடியைத் திறந்தவுடன் சுழற்சி தானே நின்றுவிடும்படியான இணைப்பையும் பொருத்தி, அது வேலை செய்கிறதா என்பதை முதல் மாதிரியை இடுவதற்கு முன் வெறும் இயந்திரத்தை ஓட்டிச் சோதிக்கிறார்கள். நிறுத்தும் பொத்தானை இயக்குபவரின் கை நீட்டும் தொலைவுக்குள் வைப்பதும், அதை அழுத்துவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதைப் புதிதாகச் சேரும் உதவியாளருக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பதும் அந்த நிறுவுதலின் கடைசி வேலை.